பழைய லட்விக் டிரம்களுக்கு மாற்று மேலுறை: எந்தத் தாள் தேறுகிறது?

அறுபதுகளில் செய்யப்பட்ட அமெரிக்க டிரம் செட்டுகளுக்கு இன்று கிடைக்கும் மாற்று மேலுறைகளில், அதாவது டிரம்மின் வெளிப்புறத்தில் சுற்றி ஒட்டும் பிளாஸ்டிக் தாள்களில், முத்துப் பளபளப்பு கொண்ட பேர்ல் வகைத் தாள்களை நம்பி வாங்கலாம். ஸ்பார்க்கிள் எனப்படும் மினுக்குத் தாள்களில் பெரும்பாலானவை மேடையிலிருந்து பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு மட்டுமே நிறைவு தரும். ஒளிப்பட அச்சாக வரும் மலிவுத் தாள்களைப் பழைய ஷெல்லின், அதாவது டிரம்மின் மர உருளையின், அருகே கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. வெவ்வேறு விற்பனையாளர்களிடமிருந்து மாதிரித் துண்டுகளையும் சில முழுத் தாள்களையும் வரவழைத்து, பழைய மூலத் துண்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு இது. எந்த அடிப்படையில் இந்த முடிவுக்கு வந்தேன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது லட்விக் நிறுவனத்தின் சூப்பர் கிளாசிக் செட்: 22 அங்குல பேஸ் டிரம், 13 அங்குல டாம், 16 அங்குல ஃப்ளோர் டாம். சிகாகோவின் டேமன் அவென்யூ தொழிற்சாலையில் செய்யப்பட்டது என்பதற்குக் கீஸ்டோன் வடிவப் பித்தளை பேட்ஜும் அதில் பொறித்த வரிசை எண்ணும் சான்று. ஷெல்லின் உட்புறத்தில், அக்கால லட்விக்குகளுக்கே உரிய, சாம்பல் நிறத்தில் புள்ளி தெறித்த வண்ணம் கெடாமல் இருக்கிறது; ஃப்ளோர் டாமின் உள்ளே சிவப்பு மையில் 1965 ஆம் ஆண்டின் முத்திரையும் படிக்கும்படி இருக்கிறது. வெளிப்புறம்தான் வீணாகிப் போயிருந்தது. முன்பு வைத்திருந்தவர் யாரோ மேலுறையைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கறுப்பு எனாமல் அடித்திருந்தார். ஆனால் பேட்ஜைக் கழற்றச் சோம்பல்பட்டு, அதைச் சுற்றி மட்டும் கத்தியால் வெட்டியிருந்ததால், பேட்ஜுக்கு அடியில் அதே அளவுக்கு ஒரு துண்டு மூல மேலுறை தப்பியிருந்தது. அது ஆய்ஸ்டர் பிளாக் பேர்ல்: கறுப்பில் வெள்ளி வரிகள் ஓடும் முத்து உறை. பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் 1963 இல் லண்டனில் தேர்ந்தெடுத்த அதே உறை. 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அமெரிக்கா முழுவதும் பார்த்ததும் அதைத்தான்.

மேலுறையை மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும். மூல உறை மங்கியிருந்தாலும், பழுப்பேறியிருந்தாலும், லக் எனும், தோலை இறுக்கும் திருகுகளைத் தாங்கும் உலோகப் பிடிகளின் துளை ஓரத்தில் சிறு வெடிப்புகள் இருந்தாலும், அது ஷெல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும்வரை அதில் கை வைக்கக் கூடாது என்பதே என் கருத்து. பழைய டிரம் வாங்குபவர்கள் அழகான புது உறையைவிட அழுக்கடைந்த மூல உறைக்கே அதிக விலை கொடுக்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. உறை ஏற்கெனவே போய்விட்ட செட், சாயம் பூசப்பட்ட செட், பாதிக்கு மேல் உரிந்து சுருண்ட செட், அல்லது வேறு வேறு நிறத்தில் தனித்தனியாகச் சேர்த்த டிரம்களை ஒரே செட்டாக்க விரும்பும் நிலை, இவற்றுக்குத்தான் மாற்று உறை.

எதற்கு ஈடு தேடுகிறோம் என்பது தெரியாமல் தாளை மதிப்பிட முடியாது. பழைய உறைகள் செல்லுலாய்ட் எனப்படும் நைட்ரோ செல்லுலோஸ் தாள்கள். ஹையாட் சகோதரர்கள் 1870 இல் காப்புரிமை பெற்ற இந்தப் பொருளில் நைட்ரோ செல்லுலோஸுக்கு நெகிழ்வு தருவது கற்பூரம். பூஜை அறையில் ஏற்றும் அதே கற்பூரம்தான். பழைய மேலுறையின் வெட்டு விளிம்பை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தால் அந்த வாசனை இன்றைக்கும் மூக்கில் ஏறும். பொருளை அடையாளம் காண இதைவிட எளிய சோதனை கிடையாது. கற்பூரம் திறந்து வைத்தால் ஆவியாகிக் கரையும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். மேலுறையிலிருந்தும் அது பல பத்தாண்டுகளாக மெல்ல மெல்ல வெளியேறுகிறது. அதனால்தான் பழைய உறைகள் சுருங்குகின்றன, தாளின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஒட்டு வாய் திறக்கிறது, லக் திருகுகள் பிடித்திருக்கும் இடங்களில் இழுவை தாங்காமல் வெடிக்கின்றன. பழுப்பேறுவது தனிக் கதை: ஒளி பட்டு நைட்ரோ செல்லுலோஸே மஞ்சளாகிறது.

முத்துப் பளபளப்பு வந்த வழி இன்னும் சுவையானது. அக்காலத்து முத்து மினுக்கு முதலில் மீன் செதிலிலிருந்தும், பிறகு ஈயச் சேர்மங்களிலிருந்தும் கிடைத்தது; இன்று அதன் இடத்தில் டைட்டானியம் பூசிய அபிரகத் தூள் வந்துவிட்டது. மினுக்குக் கலந்த செல்லுலாய்டைக் கட்டியாக அழுத்தி, அந்தக் கட்டியிலிருந்து மெல்லிய தாள்களாகச் சீவி எடுத்தார்கள். ஆகவே வரிகளும் சுழிகளும் தாளின் மேற்பரப்பில் வரைந்தவை அல்ல. அவை தாளின் தடிமன் முழுவதும் ஓடுகின்றன. டிரம்மைச் சற்றே திருப்பினால் இருண்டிருந்த பட்டை வெளுக்கிறது, வெளுத்திருந்தது இருள்கிறது. 1920களின் இறுதியில் இத்தகைய உறைகள் டிரம்களில் இடம்பெறத் தொடங்கியதிலிருந்து அவற்றின் கவர்ச்சி முழுவதும் இந்த ஆழத்தில்தான் இருக்கிறது. மாற்றுத் தாளை மதிப்பிடும்போது நான் முதலில் பார்ப்பதும் இதைத்தான். நிறம் சரியாக இருந்து ஆழம் இல்லாத தாளைவிட, நிறம் கொஞ்சம் விலகி ஆழம் உள்ள தாள் மேல்.

செல்லுலாய்டையே மறுபடி வாங்கலாமே என்று தோன்றலாம். நைட்ரோ செல்லுலோஸ் எளிதில் தீப்பற்றும் திடப்பொருள்; சர்வதேசச் சரக்குப் போக்குவரத்தில் செல்லுலாய்ட் தாள்களுக்கு யூஎன் 2000 என்ற அபாய எண்ணும் 4.1 என்ற வகையும் உண்டு. அதை அஞ்சலில் அனுப்புவதும் வீட்டில் கையாளுவதும் தலைவலி. எனவே நடைமுறையில் நம் முன் இருப்பவை மூன்று பொருள்கள்: செல்லுலோஸ் அசிடேட், பிவிசி, பாலியெஸ்டர் படலத்தின் அடியில் அச்சிட்ட தாள். பட்டியல்களில் இவை மூன்றையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். 'பிளாக் ஆய்ஸ்டர்' என்று போட்டிருப்பதால் மட்டும் அது எந்தப் பொருள் என்று தெரிந்துவிடாது. விற்பவரிடம் பொருளின் பெயரையும் தடிமனையும் எழுத்தில் கேட்டு வாங்குவது அவசியம்.

அசிடேட் தாள்தான் மூலத்துக்கு மிக அருகில் வருகிறது. மூக்குக்கண்ணாடி ஃபிரேம்கள் செய்யும் அதே பொருள் என்பதால் இழைத்து மெருகேற்ற முடியும்; ஓரத்தைச் சீவினால் செல்லுலாய்டைப் போலவே சுத்தமான இழையாக உதிர்கிறது; சிறு கீறல்களைப் பாலிஷ் கொண்டு தேய்த்து எடுத்துவிடலாம். நான் வாங்கிய ஆய்ஸ்டர் பிளாக் அசிடேட் தாளைப் பேட்ஜ் அடித் துண்டோடு சாளர வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது, கறுப்புப் பகுதி ஒத்துப்போயிற்று. வெள்ளி வரிகள் மட்டும் மூலத்தைவிடக் குளிர்ந்த, நீலம் ஓடிய சாம்பலாகத் தெரிந்தன. மூலத் துண்டில் அவ்வரிகள் பழைய வெள்ளிப் பாத்திரம் போல் இலேசான மஞ்சள் தட்டியிருந்தன. இதைத் தாளின் குறையாகச் சொல்ல மாட்டேன். 1965 இல் அந்த உறையும் இன்றைய புதுத் தாளின் நிறத்துக்கு இன்னும் பக்கத்தில்தான் இருந்திருக்கும். ஒளி படாத பேட்ஜ் அடியிலேயே இவ்வளவு மாறியிருக்கிறது என்றால், வெளியே தெரிந்த பகுதி எவ்வளவு மாறியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அசிடேட்டின் உண்மையான குறைகள் வேறு: விலை கூடுதல், குளிர்ந்திருக்கும்போது விறைப்பு, ஈரத்தை உறிஞ்சும் தன்மை உண்டு என்பதால், வந்ததும் சுருளைப் பிரித்து, சமமான பரப்பில் பளு வைத்து, ஒட்டப்போகும் அறையிலேயே சில நாள் விட்டுவைக்க வேண்டும்.

பிவிசி தாள் எல்லோருக்கும் எட்டும் விலையில் கிடைக்கிறது. வேலை செய்யவும் எளிது. கத்திரிக்கோலால் வெட்டலாம், சிறு வளைவுக்கும் முரண்டு பிடிக்காது. இவ்வகையில் இரண்டு தரங்களைப் பார்த்தேன். ஒன்றில் முத்து மினுக்கு உண்மையிலேயே பொருளுக்குள் கலந்திருந்தது. டிரம்மைத் திருப்பினால் வரிகள் அசைகின்றன, அசிடேட் அளவுக்கு இல்லாவிட்டாலும் ஏமாற்றமில்லை. இன்னொன்றில் மினுக்கு ஒரு மெல்லிய அடுக்காக மட்டும் கீழே இருந்தது; மேலே தெளிந்த பிளாஸ்டிக், அதனூடே பார்த்தால் எல்லா வரிகளும் ஒரே ஆழத்தில் படுத்திருக்கின்றன. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு: தாளின் வெட்டு விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். விளிம்பிலும் வரிகள் இறங்கினால் நல்லது. விளிம்பு தனித்தனி மூன்று கோடுகளாகத் தெரிந்தால் அது அடுக்குத் தாள். பிவிசியில் விழுந்த கீறல் விழுந்ததுதான். அசிடேட்டைப் போல மெருகேற்றி மீட்க முடியாது. அடிக்கடி மேடைக்குப் போய்வரும் செட்டுக்கு இது ஒரு கணிசமான குறை.

அச்சுத் தாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒளிப்படத்தில் மிக நன்றாக வருகிறது, ஏனென்றால் அதுவே ஓர் ஒளிப்படம். நேரில் பார்த்தால் வரிகள் அசையாமல் நிற்கின்றன. 22 அங்குல பேஸ் டிரம்மைச் சுற்றி ஒரே சுழி மீண்டும் மீண்டும் வருவதையும் கண்டுபிடித்துவிடலாம். பயிற்சிக்கான புதிய, மலிவான டிரம்மிற்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஒயிட் மரின் பேர்ல் வேண்டுவோருக்கு வேறு ஒரு தீர்மானம் காத்திருக்கிறது. லட்விக், ஸ்லிங்கர்லாண்ட், கிரெட்ச் என அமெரிக்க டிரம் நிறுவனங்கள் பயன்படுத்திய இந்த வெள்ளை, இன்றைக்கு எந்தப் பழைய செட்டிலும் வெள்ளையாக இல்லை. பாலாடை நிறம் முதல் தேன் நிறம் வரை எங்கோ ஓரிடத்தில் நிற்கிறது. டிரம்மருக்குப் பழைய செட்டின் நிறம் என்றால் மனத்தில் வருவதும் அந்தப் பழுத்த நிறம்தான். இதை உற்பத்தியாளர்களே உணர்ந்திருக்கிறார்கள்: கிரெட்ச் தன் புதிய டிரம்களுக்கு 'விண்டேஜ் பேர்ல்' என்ற பெயரில் பழுத்த சாயலையே தருகிறது, லட்விக்கின் பட்டியலில் 'விண்டேஜ் ஒயிட் மரின்' இருக்கிறது. மாற்று உறை விற்பவர்களிடமும் வெள்ளை, பழுத்த வெள்ளை என இருவகையும் கிடைக்கின்றன. செட் முழுவதற்கும் புது உறை போடுபவர் தூய வெள்ளையை எடுப்பதே முறை என்பேன். அந்த டிரம் கடையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்த நிறம் அது. மூல உறையோடு இருக்கும் செட்டில் ஒரு டிரம்மை மட்டும் புதிதாகச் சேர்ப்பவருக்குப் பழுத்த வெள்ளை வேண்டும். ஆனால் எச்சரிக்கை: தொழிற்சாலையில் சேர்த்த மஞ்சள் தாள் முழுவதும் ஒரே சீராக இருக்கும். காலம் சேர்த்த மஞ்சள் அப்படி இருக்காது. வெளிச்சம் பட்ட பக்கத்தில் கூடுதல், லக் நிழலில் குறைவு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தத் தாளும் காட்டிக்கொடுத்துவிடும். பழைய டிரம் ஒன்றையே பொறுமையாகத் தேடுவது இந்த நிலையில் புத்திசாலித்தனம்.

பிளாக் டயமண்ட் பேர்லைத் தேர்ந்தெடுப்பவர்கள் பாக்கியசாலிகள். கறுப்புப் பின்னணியில் சில்லுகளாக நிற்கும் முத்துத் துண்டுகள் என்பதால் நிற மாற்றம் குறைவாகவே தெரிகிறது. நான் பார்த்த அசிடேட்டும் நல்ல பிவிசியும் மூலத்தோடு தோள் உரசி நிற்கக் கூடியவை.

இனி ஸ்பார்க்கிள். கேட்போர் அதிகம், ஏமாறுவோரும் இங்கேதான் அதிகம். அறுபதுகளின் மினுக்கை ஆர்வலர்கள் கிளாஸ் கிளிட்டர் என்கிறார்கள். அந்தத் துகள்கள் ஒழுங்கற்றவை, தாளுக்குள் வெவ்வேறு ஆழத்தில், வெவ்வேறு சாய்வில் கிடப்பவை. விளக்கு ஒன்றை டிரம்மின் மேல் நகர்த்தினால் ஒரு புள்ளி அணைந்து அதன் அருகிலேயே ஆழத்தில் வேறொன்று பற்றிக்கொள்ளும். இன்றைய மினுக்கு இயந்திரத்தால் ஒரே அளவில் வெட்டிய பாலியெஸ்டர் துகள். உருப்பெருக்கியில் பார்த்தால் அறுகோணங்கள் வரிசையாகத் தெரியும். அவை தாளோடு தாளாகப் படுத்துவிடுவதால் வெளிச்சம் பட்டதும் எல்லாம் ஒன்றாக ஒளிர்கின்றன, ஒன்றாக மங்குகின்றன. மாதிரித் துண்டுகளில் பெரும்பாலானவை இந்த வகையே. கிளாஸ் கிளிட்டர் என்றே பெயரிட்டு விற்கும் தாள்களும் உண்டு. அவற்றில் துகள் அளவு கலந்திருப்பதால் பலன் வெகுவாக மேம்படுகிறது, விலையும் கூடவே ஏறுகிறது. ஸ்பார்க்கிள்தான் வேண்டும் என்பவர் அந்தத் தாளைத் தவிர வேறு எதற்கும் பணம் செலவிட வேண்டாம்.

நிறம் பார்ப்பதிலும் ஸ்பார்க்கிளில் ஒரு பொறி இருக்கிறது. மினுக்குத் துகளின் மேல் இருக்கும் தெளிந்த செல்லுலாய்ட் மஞ்சளாகும்போது, அதன் கீழே உள்ள நிறம் வேறாகத் தோன்றுகிறது. சில்வர் ஸ்பார்க்கிள் பொன்னிறமாகி, ஷாம்பெயின் ஸ்பார்க்கிளோ என்று ஐயுற வைக்கும். புளூ ஸ்பார்க்கிள் பச்சை கலந்த மயில் நிறமாகிவிடும். ஆகவே செட்டின் இன்றைய நிறத்தைப் பார்த்துப் பட்டியலில் பெயரைத் தேடக் கூடாது. ஒரு லக்கைக் கழற்றி அதன் அடியிலும், பேட்ஜின் அடியிலும், பேஸ் டிரம்மின் தோலைப் பிடிக்கும் வளையமான ஹூப்பின் மறைவிலும் பார்த்தால் பிறந்த நிறம் தெரியும். நண்பர் ஒருவரின் கிரெட்ச் டாமில் லக்கைக் கழற்றியபோது, வெளியே பாசி படர்ந்த குளத்து நிறமாக இருந்த உறையில் லக்கின் வடிவத்திலேயே தெளிந்த நீலம் ஒன்று வெட்டி எடுத்தாற்போல் நின்றது. அதைப் பச்சை ஸ்பார்க்கிள் என்று எண்ணித் தாள் வாங்க இருந்தார்.

தோற்றத்தைப் போலவே தடிமனும் முக்கியம். பட்டியல்களில் இதுதான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அறுபதுகளின் லட்விக், கிரெட்ச் ஷெல்களில் பல, பெயரளவுக்குச் சொல்லும் விட்டத்தைவிடச் சற்றே பருத்தவை. அவற்றின் மேல் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள தாளைச் சுற்றினால் விட்டம் ஒரு மில்லிமீட்டர் கூடுகிறது. தாள் தன்மேல் தான் ஏறும் ஒட்டு வாயில் மேலும் அரை மில்லிமீட்டர். இன்றைய ஹெட்டின், அதாவது டிரம்மில் அடிபடும் தோலின், அலுமினிய வளையம் அப்போது ஷெல்லைக் கவ்விப் பிடிக்கும்; வளையம் தாராளமாக இறங்காவிட்டால் ஒரு பக்கம் சுருதி ஏற, மறுபக்கம் அசையாமல் நிற்கும். கால் மில்லிமீட்டர் தாள் எடுத்தால் இந்தத் தொல்லை பெருமளவு தீர்கிறது. மெல்லிய தாளிலும் ஒரு குறை உண்டு: கீழே ஷெல்லில் இருக்கும் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் அது வெளியே காட்டும், ஆகவே மரத்தை நிரவித் தேய்ப்பதில் கூடுதல் உழைப்பு வேண்டும். பருத்த பழைய ஷெல்களுக்காகவே அக்வேரியன் நிறுவனம் அமெரிக்கன் விண்டேஜ் என்ற வரிசையில் சற்றுப் பெரிய ஹெட்டுகளைச் செய்கிறது. மூலத் தடிமனிலேயே அசிடேட் போட விரும்புபவர் அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெர்னியர் காலிப்பர் வைத்துக்கொண்டு, விற்பவர் சொன்ன தடிமனை நீங்களே அளந்து பாருங்கள். எனக்கு வந்த பிவிசி தாள்களில் ஒன்று சொன்னதைவிடப் பருமனாக இருந்தது.

மேலுறை ஒலியைக் கெடுக்கும், மரத்தை மூச்சுமுட்ட வைக்கும் என்பவர்கள் உண்டு. ஹெட் தாராளமாக இறங்கி, விளிம்பில் சீராக அமர்ந்துவிட்ட பிறகு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டு எவரும் உறையின் பொருளைச் சொல்லிவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை.

நீளக் கணக்கை வாங்குமுன் போட்டுவிட வேண்டும். 22 அங்குல ஷெல்லின் சுற்றளவு 69 அங்குலத்துக்குச் சற்று மேல். ஒட்டு வாய்க்கு ஒன்றரை அங்குலம் சேர்த்தால் ஏறக்குறைய 71. 16 அங்குல ஃப்ளோர் டாமுக்கு 52, 13 அங்குல டாமுக்கு 42 இன்ச்சும் சற்றுக் கூடுதலும். 54 அங்குல நீளத் தாள்தான் இருக்கிறது என்று விற்பவர் சொன்னால் டாம்களுக்கு அது போதும்; பேஸ் டிரம்மில் இரண்டு ஒட்டுகள் விழும். இரண்டாவது ஒட்டை லக் வரிசைக்கு அடியில் மறைக்கலாம் என்றாலும், பேர்ல் வரிகள் அந்த இடத்தில் சட்டென்று முறிவது கண்ணுக்குத் தப்பாது. தாளை வெட்டும்போது வரியின் திசையும் எல்லா டிரம்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மிச்சம் பிடிப்பதற்காக ஒரு துண்டை மட்டும் குறுக்கே திருப்பி வெட்டினால், அந்த டிரம் வேறு செட்டிலிருந்து வந்தது போலவே நிற்கும். எல்லாத் தாள்களையும் ஒரே தொகுதியிலிருந்து, ஒரே ஆர்டரில் வாங்க வேண்டும். பின்னால் கேட்டு வாங்கும் தாள் அதே நிறத்தில் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

மாதிரித் துண்டைப் பார்க்கும் விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு அங்குலச் சதுரத்தில் ஆய்ஸ்டர் வரியின் ஓட்டம் தெரியாது. குறைந்தது உள்ளங்கை அளவுத் துண்டு கேளுங்கள், அதற்குக் காசு கேட்டாலும் கொடுத்துவிடலாம். அதைத் தட்டையாக மேசையில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. ஷெல்லின் வளைவில் டேப் போட்டு நிறுத்தி, பகல் வெளிச்சத்திலும் மஞ்சள் மேடை விளக்கிலும் பாருங்கள். கைபேசிப் படத்தை நம்பி நிறம் முடிவு செய்வது பட்டுப் புடவையை இருட்டில் எடுப்பதற்குச் சமம்.

பழைய உறையைக் கழற்றும் வேலை இருப்பவர்களுக்கு, தாள் வாங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது ஒன்று. முழுப்பரப்பிலும் ஒட்டப்பட்ட உறை, குறிப்பாக லட்விக்கில், கிளம்பும்போது மர இழையையும் பிய்த்துக்கொண்டு வரும். அந்தக் காயங்களை நிரவாமல் மெல்லிய தாளை ஒட்ட முடியாது. உறை வெப்பத்தில் இளகும் என்பதால் ஹீட் கன் எனும் கடும் சூட்டுக் காற்றுக் கருவியைப் பிடிக்கும் வழக்கம் இருக்கிறது; அது ஆபத்து. பொருள் நைட்ரோ செல்லுலோஸ், அது தீப்பிடித்தால் கண் இமைப்பதற்குள் பரவும். தலைமயிர் உலர்த்தும் கருவியின் மிதமான சூட்டோடு, தட்டையான கத்தியை மெல்ல நுழைத்து, திறந்த வெளியில் செய்வதே பாதுகாப்பு. பழைய முத்து உறையைத் தேய்த்தால் வரும் தூளை மூச்சில் இழுக்காமல் முகமூடி அணிந்துகொள்ளுங்கள். பேட்ஜைப் பிடித்திருக்கும் பித்தளைக் கண்வளையத்தை உள்ளிருந்து பொறுமையாக விரித்து எடுத்தால் பேட்ஜ் வளையாமல் வரும். வரிசை எண் உள்ள அந்த பேட்ஜ் போனால் செட்டின் வயதுக்குச் சாட்சியே போயிற்று.

ஒட்டும் முறையில் இரு கட்சிகள். முழுப்பரப்பிலும் கான்டாக்ட் பசை பூசுவது பழைய முறைக்கு நெருக்கம்; ஆனால் பசை பட்ட இரு பரப்புகளும் தொட்ட கணத்தில் பிடித்துக்கொள்ளும், நகர்த்த வழியில்லை. இன்று விற்பவர்களில் பலர் ஷெல்லில் ஒரு வரியும் ஒட்டு வாயில் ஒரு வரியுமாக வலுவான இருபக்க டேப் மட்டும் போடச் சொல்கிறார்கள். தாளை இறுக்கமாகச் சுற்றினால் மீதியை லக்குகள் பிடித்துக்கொள்கின்றன. பின்னொரு நாளில் இன்னொருவர் மரத்துக்குச் சேதமின்றிக் கழற்ற முடியும் என்பதால், பழைய ஷெல்லுக்கு டேப் முறையையே நான் விரும்புகிறேன். விறைப்பான அசிடேட்டுக்கு மட்டும் ஒட்டு வாயில் பசையும் வேண்டும், இல்லாவிட்டால் வெயில் காலத்தில் வாய் திறக்கும். தாளின் மேல் கீழ் ஓரங்கள், தோல் அமரும் ஷெல் விளிம்பான பேரிங் எட்ஜுக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர் முன்னதாகவே நின்றுவிட வேண்டும்.

என் சூப்பர் கிளாசிக்குக்கு ஆய்ஸ்டர் பிளாக் அசிடேட்டையே தேர்ந்தெடுத்தேன். வரிகளின் குளிர்ந்த சாம்பல் நாளடைவில் கண்ணுக்குப் பழகிவிட்டது. மாலை மஞ்சள் விளக்கில் அந்த வேறுபாடு அறவே மறைகிறது. விலையை ஏற்க முடியாதவர்கள், மினுக்கு உள்ளே கலந்த பிவிசியை எடுத்தால் குறைகூற மாட்டேன். புளூ ஸ்பார்க்கிள் செட் வைத்திருக்கும் நண்பருக்கோ, மூல உறை உரியாமல் இருக்கும்வரை எதையும் வாங்க வேண்டாம், லக்கை அப்படியே மாட்டிவிடுங்கள் என்று சொன்னேன்.

ஆர்டர் அனுப்பும் முன் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: பேஸ் டிரம் ஹூப்புகளின் நடுவில் ஓடும் ஓர் அங்குல அகலப் பட்டைகள். இரு ஹூப்புகளுக்கும் அவை வேண்டும், அதே தாளிலிருந்து வேண்டும். ஹூப்பின் விட்டம் ஷெல்லைவிடப் பெரிது என்பதால் பட்டை 71 அங்குலத்துக்கு மேலும் நீளும்; ஷெல்லுக்கென வெட்டிய தாளின் மிச்சத்தில் அது கிடைக்காது. அளவை ஹூப்பின் பள்ளத்திலேயே ஒரு துணி நாடா ஓட்டி எடுத்து, தனி உருப்படியாக எழுதி அனுப்புங்கள்.